623 யார்டு எறிந்த அணி அடுத்த வாரம் ஏன் திணறியது?

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஒரு அணி இந்த வாரம் பந்தை எறிந்து எறிந்தே எதிரணியைக் கிழிக்கிறது, அடுத்த வாரம் அதே குவார்ட்டர்பேக் (பந்தை எறிகிறவர்), அதே பிளேக்கள் (முன்பே வகுத்த நகர்வுத் திட்டங்கள்), ஆனால் ஒன்றும் நகரவில்லை. வர்ணனையாளர் "கவரேஜை மாற்றிவிட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார். அப்படி என்னத்தை மாற்றுகிறார்கள், அதைப் பார்த்து அஃபென்ஸ், அதாவது பந்தை வைத்திருக்கும் பக்கம், எப்படி பிளே தேர்ந்தெடுக்கிறது?

கவரேஜ், அதாவது பாஸைத் தடுக்க ஆட்களை நிறுத்தும் விதம், முதலில் ஒரு கூட்டல் கழித்தல். தடுக்கிற பக்கமான டிஃபென்ஸுக்கு இருப்பது 11 பேர். ஆழத்தில் காவலுக்கு ஒருவரை நிறுத்தினால் முன்னால் ஒருவர் குறைவார், முன்னால் ஒருவரைக் கூட்டினால் பின்னால் ஓட்டை விழும். பிளே சொல்கிறவரின் வேலை, எங்கே ஆள் குறைவாக நிற்கிறார்களோ அங்கே பந்தைக் கொண்டுபோவது. ஓட்டமோ பாஸோ, அவருக்கு ஆசை எதில் என்பது இரண்டாம் பட்சம். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் பெரிய பெரிய ஆட்களே இதில்தான் சறுக்குவார்கள், காரணம் பல கோஆர்டினேட்டர்களுக்கு (அஃபென்ஸையோ டிஃபென்ஸையோ நடத்தும் உதவிப் பயிற்சியாளர்களுக்கு) தங்கள் பிளே புத்தகத்தின் மேல் இருக்கும் பிடிவாதம்.

இதற்கு 2020-ஐ விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. மைக் லீச் மிசிசிப்பி ஸ்டேட்டுக்குப் பயிற்சியாளராக வந்து முதல் ஆட்டம், செப்டம்பர் 26, பேட்டன் ரூஜில், எதிரே நடப்பு தேசிய சாம்பியன் எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்). குவார்ட்டர்பேக் கே.ஜே. காஸ்டெல்லோ 60 தடவை எறிந்தார், 36 பிடிபட்டன, 623 யார்டு. இந்த அணிகள் ஆடும் எஸ்இசி என்ற பிரிவின் வரலாற்றிலேயே ஒரு ஆட்டத்தில் அதுவரை யாரும் அவ்வளவு எறிந்ததில்லை. 44-34 வெற்றி. சரியாக ஒரு வாரம் கழித்து, சொந்த மைதானத்தில், எஸ்இசியில் தொடர்ந்து 20 ஆட்டம் தோற்றுவிட்டு வந்த ஆர்கன்சா. இந்த முறை 59 தடவை எறிந்தார், 43 பிடிபட்டன. கவனியுங்கள், பிடிபட்டது முந்தைய வாரத்தைவிட அதிகம். ஆனால் யார்டு 313 தான், இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்) 3, ஆட்டம் 21-14 என்று கைவிட்டுப் போனது. அதற்கடுத்த வாரம் கென்டக்கியிடம் 24-2, அணியாக 6 இன்டர்செப்ஷன், அந்த 2 புள்ளிகூட அஃபென்ஸ் சம்பாதித்தது இல்லை. பிடிபட்ட ஒரு பாஸுக்கு 17 யார்டு என்றிருந்தது ஒரே வாரத்தில் 7 யார்டாகக் குறைந்தது. மொத்தக் கதையும் அந்த 17-க்கும் 7-க்கும் நடுவில்தான் இருக்கிறது.

எல்எஸ்யூ அன்று பெரும்பாலும் ஆடியது மேன் கவரேஜ், அதாவது பாஸ் பிடிக்க ஓடும் ஒவ்வொரு ரிசீவருக்கும் ஒரு ஆள், அவன் எங்கே போனாலும் பின்னாலேயே ஓடு. அவர்களின் சிறந்த கார்னர்பேக் (ஓரத்து ரிசீவரைக் காப்பவர்) டெரெக் ஸ்டிங்லி அன்று ஆடவில்லை, அது வேறு. எறிந்தே ஆடுகிற லீச்சின் ஏர் ரெய்டு முறையில் மெஷ் என்று ஒரு பிளே உண்டு: இரண்டு ரிசீவர்கள் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து, ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்துப் பிளேயைத் தொடங்குவது) நடக்கும் கோட்டைத் தாண்டி ஐந்தாறு யார்டு ஆழத்தில், ஒருவர் தோள் மற்றவர் தோளில் உரசுகிற மாதிரி குறுக்கே ஓடுவார்கள். மேன் ஆடும் டிஃபென்டர்கள் அந்த இடத்துக்கு வரும்போது நாலு பேர் ஒரே சந்துக்குள் நுழைந்த கதையாகிவிடும், யாராவது ஒருவன் தடுமாறுவான், அவன் காக்க வேண்டிய ஆள் தனியாக ஓடிக்கொண்டிருப்பான். இதற்குள் ரன்னிங் பேக் (வழக்கமாகப் பந்தோடு ஓடுகிறவர்) ஓரமாக வெளியே ஓட, அவரைத் துரத்த வேண்டியது பாவம், முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் ஒரு லைன்பேக்கர். ரன்னிங் பேக்கான கைலின் ஹில் அன்று பந்தைப் பிடித்தே 158 யார்டு எடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மேன் கவரேஜில் இன்னொரு சங்கடம், டிஃபென்டர்களின் முதுகு குவார்ட்டர்பேக் பக்கம் இருக்கும். பந்து பிடிபட்ட பிறகுதான் மற்றவர்களுக்கே தெரியும், அதற்குள் 10 யார்டு பாஸ் 40 யார்டாகிவிடும்.

ஆர்கன்சாவின் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் பேரி ஓடம் அடுத்த வாரம் செய்தது வெளியிலிருந்து பார்த்தால் சோம்பேறித்தனம் மாதிரி இருக்கும். குவார்ட்டர்பேக்கை நெருக்க மூன்றே மூன்று பேரை அனுப்பினார், மீதி எட்டுப் பேரையும் பின்னால் இறக்கி ஸோனில் நிறுத்தினார். பாஸ் பிடிக்கப் போகக்கூடியவர்கள் அதிகபட்சம் ஐந்து பேர், அவர்களுக்கு எட்டுப் பேர் காவல். ஸோனில் யாரும் யார் பின்னாலும் ஓடுவதில்லை, தன் இடத்தில் நின்று கண்ணைக் குவார்ட்டர்பேக் மேல் வைத்திருப்பார்கள். அதே மெஷ் பிளே, அதே உரசல், ஆனால் உரசுவதற்கு அங்கே துரத்தி வருகிற ஆளே இல்லை. குறுக்கே ஓடி வருகிறவனை ஒருவன் அடுத்தவனிடம் ஒப்படைத்துவிட்டு நிற்பான். 5 யார்டு பாஸ் கிடைக்கும், பிடித்த இடத்திலேயே மூன்று பேர் அமுக்குவார்கள். மறுபடி 5, மறுபடி 6. மூன்று ஆள் மட்டும் நெருக்குவதால் குவார்ட்டர்பேக்குக்கு நேரம் நிறைய இருக்கும், அந்த நேரம்தான் அவருக்கு வினை. நேரம் இருக்கிறதே என்று இன்னும் ஆழமாக ஏதாவது திறக்குமா என்று பார்ப்பார், பொறுமை போய் இடுக்கில் எறிவார், எட்டு ஜோடிக் கண்கள் பந்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது பழகின விஷயம்தான், ஃபீல்டர்களை எல்லாம் பௌண்டரிக்குத் தள்ளிவிட்டால் ஓடி ஓடி ஒன்றும் இரண்டுமாக எடுக்க வேண்டும், சிக்ஸர்தான் அடிப்பேன் என்று நின்றால் கேட்ச்தான்.

சரி, எட்டுப் பேர் பின்னால் போய்விட்டால் அஃபென்ஸின் பதில் என்ன? ஓடு. முன்வரிசையில் தடுக்க உங்களிடம் ஐந்து லைன்மேன்கள், எதிரே மூன்று பேர், பின்னால் எட்டிப் பார்க்கிற ஓரிரு லைன்பேக்கர்கள். எந்தச் சராசரி அணியும் அங்கே தடவைக்கு 5 யார்டு தள்ளிக்கொண்டு போகலாம். நாலு தடவை அப்படி ஓடினால் டிஃபென்ஸ் வேறு வழியில்லாமல் ஆளை முன்னே கொண்டுவரும், அப்போது எறி. லீச் இதைச் செய்ய மாட்டார். ரன்னிங் பேக்குக்குக் கொடுக்கும் குட்டிப் பாஸே எனக்கு ஓட்டம் மாதிரிதான் என்பது அவர் கட்சி. அதில் ஒரு நியாயம் உண்டு, ஆனால் எட்டுப் பேர் இறங்கும்போது அந்தக் குட்டிப் பாஸ் விழும் இடத்திலும் ஆள் நிற்கிறான், ஓட்டத்துக்கான இடத்தில்தான் ஆள் இல்லை. என்னைக் கேட்டால் அந்தப் பருவத்தின் பாதித் தோல்விகளுக்கு விடை இதிலேயே இருக்கிறது. லீச்சும் ஓட்டத்துக்கு மாறவில்லை, பொறுமைக்கு மாறினார். 2021-இல் வில் ராஜர்ஸ் என்ற இளைஞனை வைத்துக்கொண்டு டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியை அதன் மைதானத்திலேயே 26-22 என்று வென்றபோது ராஜர்ஸ் 59-க்கு 46 பிடிக்க வைத்தார், 408 யார்டு. பிடிபட்ட பாஸ் ஒன்றுக்கு 9 யார்டுகூட இல்லை, ஆனால் எதிரணி கொடுத்ததை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டே போனார். லீச் 2022 டிசம்பரில் காலமாகிவிட்டார், அந்த முறையின் வாரிசுகள் இன்று பெரும்பாலும் அவரைவிட அதிகம் ஓடுகிறார்கள்.

இப்போது எண்களுக்கு வருவோம். கவர் 1, கவர் 2, கவர் 3, கவர் 4 என்று கேட்டிருப்பீர்கள். எத்தனை பேர் ஆழத்தைக் காக்கிறார்கள் என்பதுதான் அந்த எண். ஆனால் பிளே சொல்கிறவர் ஸ்னாப்புக்கு முன்னால் முதலில் பார்ப்பது அதைவிட எளிது: நடுவில் ஆழமாக ஒரு சேஃப்டி (கடைசிக் காவலர்) நிற்கிறானா, இரண்டு பேர் பிரிந்து நிற்கிறார்களா? ஒருவன் என்றால் கவர் 1 அல்லது கவர் 3-ஆக இருக்க வாய்ப்பு, மற்ற சேஃப்டி முன்னே வந்து பாக்ஸில், அதாவது லைனுக்கு நேரே உள்ள பகுதியில், எட்டாவது ஆளாக நிற்பான். அங்கே ஓடுவது சுவரில் முட்டுவது. பதிலுக்கு அந்த ஒற்றைச் சேஃப்டியின் இருபுறமும் இரண்டு பேரை நேராக ஓடவிடலாம், அவனால் இரண்டு பேரையும் காக்க முடியாது. நாலு பேரும் நேராக ஓடும் ஃபோர் வெர்ட்டிகல்ஸ் பிளே கவர் 3-க்கு எதிராகக் காலங்காலமாக ஓடுவது இதனால்தான்.

இரண்டு பேர் ஆழத்தில் என்றால் பாக்ஸில் ஆறு பேர்தான், ஓட்டம் கைமேல் பலன். பாஸ் எறிவதானால், கவர் 2-இல் கார்னர்பேக் முன்னால் நின்று ஓரத்தைக் காப்பான், அவன் முன்னே ஒருவனை நிறுத்தி, அவன் தலைக்குப் பின்னால், சேஃப்டி வந்து சேர்வதற்கு முன்னால் இன்னொருவனை மூலைக்கு ஓடவிடு. இதற்கு ஸ்மாஷ் என்று பெயர். கவர் 4 கொஞ்சம் வில்லங்கமானது. இரண்டு சேஃப்டிகளும் ஆழத்தில் நிற்பது போல நின்றுகொண்டு, ஓட்டம் என்று தெரிந்த நொடியில் கீழே பாய்ந்து வருவார்கள், அதாவது ஒரே ஆளை வைத்து இரண்டு கணக்கிலும் எண்ணுவார்கள். பாட் நார்டூஸி மிஷிகன் ஸ்டேட்டில் இதை வைத்துத்தான் பேர் வாங்கினார். அதற்கு எதிரான மருந்து அந்தச் சேஃப்டியின் ஆவலையே பயன்படுத்துவது: உள்பக்க ரிசீவர் 12 யார்டில் குறுக்கே வெட்டுவான், சேஃப்டி அவன் மேல் பாய்வான், வெளிப்பக்க ரிசீவர் அவன் முதுகுக்குப் பின்னால் நடுவை நோக்கிப் போவான். ஸ்டீவ் ஸ்பரியர் ஃப்ளோரிடாவில் பயிற்சியாளராக இருந்த காலத்து ரிசீவர் எர்னி மில்ஸ் பெயரால் இன்றும் அதை மில்ஸ் என்றே சொல்கிறார்கள்.

கவர் 0 என்றால் பின்னால் யாருமே இல்லை, எல்லோரும் மேன், மீதிப் பேர் அத்தனையும் பிளிட்ஸ், அதாவது குவார்ட்டர்பேக் மேல் பாய்வார்கள். சூதாட்டம். 2019 செப்டம்பரில் டெக்சஸ் இதைச் செய்து பார்த்தது, எல்எஸ்யூவுக்கு எதிராக, ஆட்டம் முடிய மூன்று நிமிடம்கூட இல்லாதபோது, மூன்றாவது டவுன் (பந்தை நகர்த்தக் கிடைக்கும் நாலு வாய்ப்பில் மூன்றாவது), 17 யார்டு வேண்டும். பொதுவாக அந்த இடத்தில் டிஃபென்ஸ் பின்வாங்கி நிற்கும், டெக்சஸ் கூட்டமாகப் பாய்ந்தது. ஜோ பர்ரோ ஒதுங்கி எறிந்தார், ஜஸ்டின் ஜெஃபர்சன் பிடித்துத் திரும்பினால் முன்னால் ஆளே இல்லை, 61 யார்டு டச்டவுன். 45-38-இல் முடிந்த ஆட்டம். பின்னால் காவல் இல்லாத கவரேஜில் ஒரு டேக்கிள் தவறினால் அதோடு கதை முடிந்தது.

இதுவரை சொன்னது தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லுக்கும் பெரும்பாலும் பொருந்தும். கல்லூரி ஆட்டத்துக்கே உரிய சில சமாசாரங்கள் உண்டு. பிளே தொடங்கும் இடத்துக்கு எல்லையாக மைதானத்தில் உள்ள ஹாஷ் கோடுகள் இரண்டுக்கும் இடையே கல்லூரியில் 40 அடி, என்எஃப்எல்லில் பதினெட்டரை அடி. இதனால் பந்து ஒரு ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, இன்னொரு பக்கம் 100 அடி. அந்த அகலமான பக்கத்தைக் காக்க வேகமான ஆள் வேண்டும், அதனால் கல்லூரி டிஃபென்ஸுகள் அகலப் பக்கத்துக்கு ஒரு கவரேஜ், குறுகிய பக்கத்துக்கு ஒரு கவரேஜ் என்று பாதிப் பாதியாக ஆடும். பிளே சொல்கிறவரும் பந்து எந்த ஹாஷில் விழப்போகிறது என்பதைக் கணக்கில் வைத்தே அடுத்த பிளேவை யோசிப்பார்.

அப்புறம் குவார்ட்டர்பேக்கின் கால்கள். அவர் பந்தை ரன்னிங் பேக்கிடம் கொடுத்துவிட்டு நின்றால் டிஃபென்ஸுக்கு ஒரு ஆள் மிச்சம். அவரும் ஓடுவார் என்றால் அந்த மிச்ச ஆள் காணாமல் போகிறான், இரண்டு சேஃப்டிகளை ஆழத்தில் வைத்திருப்பது அப்போது ஆடம்பரம். இதன் மேல் ஆர்பிஓ வேறு. ஓட்டமா பாஸா என்பதை ஸ்னாப் ஆன பிறகு ஒரே ஒரு டிஃபென்டரைப் பார்த்துத் தீர்மானிப்பது. அவன் ஓட்டத்தைத் தடுக்க முன்னே வந்தால் அவன் விட்டுவந்த இடத்தில் எறி, நின்றால் கொடுத்துவிடு. கல்லூரி விதியில் லைன்மேன்கள் கோட்டுக்கு 3 யார்டு முன்னே வரை போயிருந்தாலும் பாஸ் செல்லும், என்எஃப்எல்லில் 1 யார்டுதான். அந்த 2 யார்டு சலுகையில்தான் பாதிக் கல்லூரி அஃபென்ஸ் பிழைக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

கவரேஜைப் பார்த்துப் பிளே சொல்வது ஒரு வகை. கவரேஜ் ஒளிய முடியாதபடி நிற்பது இன்னொரு வகை, 2022 டென்னசி அதில் உச்சம். பயிற்சியாளர் ஜாஷ் ஹைப்பலின் அணியில் வெளிப்பக்க ரிசீவர்கள் ஓரக்கோட்டை ஒட்டி, மற்ற அணிகள் கனவிலும் நிறுத்தாத இடத்தில் நிற்பார்கள். கார்னர்பேக்குகளும் அங்கே போயாக வேண்டும். இப்படி இழுத்துப் பிடித்தால் சேஃப்டி நடுவில் நின்று எல்லோருக்கும் உதவுவது என்பது நடக்காத காரியம், பாக்ஸில் யார், ஆழத்தில் யார், யாருக்கு யார் என்பதெல்லாம் ஸ்னாப்புக்கு முன்பே பட்டவர்த்தனம். மேலே வேகம் வேறு, டிஃபென்ஸ் மூச்சு வாங்குவதற்குள் அடுத்த ஸ்னாப். அக்டோபர் 15 அன்று அலபாமாவுக்கு எதிராக உள்பக்கம் நின்ற ஜேலின் ஹயட் ஆறு பாஸ் பிடித்து 207 யார்டு, 5 டச்டவுன் எடுத்தார், 52-49. அந்தப் பாஸ்களைத் திரும்பப் பார்த்தால் மந்திரம் ஒன்றும் இல்லை, பரந்த வெளியில் ஒரு சேஃப்டி மட்டும் ஒரு ஓட்டக்காரனோடு தனியாக மாட்டிக்கொள்வதுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது.

மூன்று வாரம் கழித்து ஜார்ஜியா அதே டென்னசியை 27-13 என்று கட்டிப்போட்டது. அங்கே கவரேஜ் சூட்சுமத்தைவிட ஆள் பலம் பேசியது என்பேன். ஓரத்தில் தனியாக விடப்பட்ட கார்னர்பேக்குகள் தனியாகவே சமாளித்தார்கள், முன்வரிசை குவார்ட்டர்பேக்கை நிற்கவிடவில்லை, ஆழமான பாதை திறக்கும்போது எறிய அவருக்கு நேரம் இல்லை. எல்லாவற்றையும் கவரேஜ் கணக்கில் எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 2023 நவம்பரில் மிஷிகன், பென் ஸ்டேட் மைதானத்தில், தொடர்ந்து 32 பிளே ஓடியே 24-15 என்று வென்றது, பின்னாளில் என்எஃப்எல் முதல் சுற்றில் போன ஜே.ஜே. மெக்கார்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு. அதற்குக் காரணம் கவரேஜைவிட பென் ஸ்டேட்டின் பாஸ் ரஷ், அதாவது குவார்ட்டர்பேக்கை நெருக்கும் வேகம். ஆனாலும் அதுவும் ஒரு பிளே காலிங் முடிவுதான், லீச்சுக்கு நேர் எதிர்த் துருவம்.

டிஃபென்ஸ் சும்மா இருக்குமா? நிக் சேபன் 1990-களின் முற்பகுதியில் கிளீவ்லாந்து பிரௌன்ஸில் பில் பெலிசிக்கிடம் கோஆர்டினேட்டராக இருந்தபோது, கவர் 3-ஐ நாலு பேர் நேராக ஓடி உடைப்பதைப் பார்த்து வேறு மாதிரி செய்தார். ஸோனில் நிற்பது போல ஆரம்பித்து, ரிசீவர் எந்தப் பாதையில் போகிறான் என்று பார்த்து, அதன்பின் ஆளோடு ஒட்டிக்கொள்வது. அப்புறம் அலபாமாவில் அதுதான் அவர் அடித்தளம். அஃபென்ஸ் கோஆர்டினேட்டருக்கு இது பெரிய தலைவலி, ஏனென்றால் அவர் ஸோனுக்கென்று அழைத்த பிளேவை மேனில் சந்திக்கிறார். ஐயவா ஸ்டேட்டில் ஜான் ஹீகாக் 2017-இல் இன்னொரு வழி கண்டார், மூன்று சேஃப்டிகளை நிறுத்தினார், நடுவில் உள்ளவன் பாக்ஸிலும் இல்லை, ஆழத்திலும் இல்லை, ஸ்னாப் ஆகும் வரை அவனை எந்தப் பக்கம் எண்ணுவது என்றே தெரியாது. அந்த ஆண்டு சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய பேக்கர் மேஃபீல்டு இருந்த ஓக்லஹோமாவை அதன் சொந்த மைதானத்தில் 38-31 என்று வீழ்த்தியது அந்த டிஃபென்ஸ்தான். ஆர்பிஓ ஒரு ஆளைப் படித்து முடிவெடுக்கிறது, அந்த ஆளே எங்கே நிற்கிறான் என்று சொல்ல மறுத்தால்?

அதனால்தான் இன்று நல்ல கோஆர்டினேட்டர் யாரும் "இது கவர் 3, எனவே இந்தப் பிளே" என்று ஊகித்து அழைப்பதில்லை. ஒரு பக்கம் மேனுக்கான பாதைகள், மறு பக்கம் ஸோனுக்கான பாதைகள் என்று ஒரே பிளேக்குள் இரண்டு விடைகளை வைத்து அனுப்புகிறார்கள். நேரம் எப்படிப் போகிறது என்று ஒரு ஸ்னாப்பைப் பாருங்கள். அஃபென்ஸ் சீக்கிரமே வரிசையில் நின்றுவிடும், கடிகாரத்தில் இன்னும் இருபதுக்கு மேல் விநாடி பாக்கி. ஒரு ரிசீவரைக் குறுக்கே நடக்கவிடுவார்கள், ஒரு டிஃபென்டர் அவன் பின்னாலேயே வந்தால் மேன், யாரும் அசையாமல் விரலால் காட்டிக்கொண்டால் ஸோன். குவார்ட்டர்பேக் பொய்யாகக் கைதட்டுவார், ஸ்னாப் வருகிறது என்று நினைத்து ஒரு சேஃப்டி இரண்டு அடி கீழே இறங்கிவிட்டால் குட்டு வெளிப்பட்டது. 2024 முதல் மேல்நிலைக் கல்லூரி அணிகளில் பயிற்சியாளர் ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள்ளேயே பேசலாம், ஆனால் 15 விநாடி மீதமிருக்கும்போது இணைப்பு அறுந்துவிடும். அதற்குள் பார்த்து, மாற்றி, சொல்லி முடிக்க வேண்டும். டிஃபென்ஸிலும் ஒருவருக்கு அதே வசதி உண்டு, அவர்களும் மாற்றுவார்கள், அதனால் கெட்டிக்கார டிஃபென்ஸ் அந்த 15-ஐத் தாண்டிய பிறகுதான் தன் உண்மையான இடத்துக்கு நகரும்.

இனி ஆட்டம் பார்க்கும்போது பந்தைப் பார்ப்பதற்கு முன் பாக்ஸில் உள்ள ஆட்களை எண்ணுங்கள். ஆறு என்றால் ஓட்டத்தையும் எட்டு என்றால் பாஸையும் எதிர்பார்க்கலாம், மாறாக ஏதாவது நடந்தால் ஏன் என்று கேளுங்கள். சேஃப்டிகளை வழக்கமான டிவி கோணத்தில் பார்க்க முடியாது, திரைக்கு வெளியே நிற்பார்கள். எண்ட் ஸோன் பக்கமிருந்து ரீப்ளே காட்டும்போது அவர்கள் கால் முதல் இரண்டு அடி எந்தப் பக்கம் வைக்கிறது என்று மட்டும் பாருங்கள், குவார்ட்டர்பேக் பார்த்ததும் பெரும்பாலும் அதுதான்.